பேர் கொடுத்த பசுவுக்கு ஊசி இல்லை

தடுப்பூசியின் வரலாறே ஒரு மாட்டை ஏமாற்றியதில்தான் தொடங்குகிறது. 1796-இல் இங்கிலாந்தின் பெர்க்லி என்ற சிற்றூரில் எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கைக் கொப்புளத்தைக் கீறி, அந்த நீரைத் தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகனுக்கு ஏற்றினார். கொப்புளம் அவளுக்கு வந்தது பிளாசம் என்ற பசுவின் மடியிலிருந்து. சில வாரம் கழித்துப் பையனுக்கு அசல் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நோபல் பரிசுக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும். லத்தீனில் பசுவுக்கு 'வாக்கா' என்று பேர், அதிலிருந்து 'வாக்சின்'. ஜென்னருக்கு நாடாளுமன்றம் முதலில் 10,000 பவுன் கொடுத்தது, பிறகு இன்னும் 20,000 கொடுத்தது. பிளாசத்தின் தோலை உரித்து லண்டன் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாட்டி வைத்தார்கள். மாட்டுக்குச் செய்த மரியாதை, மாட்டி வைத்ததோடு சரி.

மனிதனுக்கு அம்மை வராமல் தன் மடியைக் கொடுத்த அந்த இனம், அதே நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தது. சுமார் 20 கோடி மாடுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜெர்மன்காரன் வைத்த பேர் 'ரிண்டர்பெஸ்ட்'. நம் பக்கத்தில் வெக்கை. பேரிலேயே சூடு தெரியும். முதலில் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். பத்து நாளைக்குள் கட்டுத்தறி காலி. பக்கத்து மாட்டின் மூச்சே போதும், தொற்றிக்கொள்ளும். மனிதர்களுக்கு வரும் தட்டம்மைக்கு இது பங்காளி. ஆனால் மனிதனை ஒன்றும் செய்யாது. அதனால்தானோ என்னவோ, மனிதன் இதை நிதானமாகவே கையாண்டான்.

நிதானம் என்றால் எவ்வளவு? முதல் மருந்து கயிறு. தூக்குக் கயிறு.

1711 வாக்கில் நோய் இத்தாலிக்குள் நுழைந்து, போப்பாண்டவரின் மாட்டு மந்தை வரைக்கும் வந்துவிட்டது. பதினோராம் கிளமென்ட் தன் வைத்தியர் ஜோவான்னி மரியா லான்சிசியைக் கூப்பிட்டார். லான்சிசி புத்திசாலி. நோய் ஒட்டுவது என்பதைப் புரிந்துகொண்டார். கஷாயம், பச்சிலை எல்லாம் வீண். நோய்கண்ட மாட்டைக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதை, மாட்டு நடமாட்டத்தை நிறுத்து என்றார். இன்றைய கால்நடைச் சட்டங்களின் கொள்ளுத்தாத்தா அந்த உத்தரவுதான். அதில் கடைசியாக ஒரு வரி: மீறுகிற சாமானியனைத் தூக்கிலிட்டு நாலாக வெட்டுவது, மீறுகிற பாதிரியாரைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்புவது. சாமியாருக்கு உயிர் மிஞ்சும். போப்பின் ஊரல்லவா, சொந்தக்காரர்களைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

1714-இல் லண்டன் பக்கம் நோய் வந்தபோது அரசரின் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் வேறு வழி கண்டார். மாட்டுக்காரனைப் பயமுறுத்தினால் அவன் நோய் மாட்டை ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தைக்கு ஓட்டிப் போவான். காசு கொடுத்தால் தானே வந்து சொல்வான். ஒரு மாட்டுக்கு 40 ஷில்லிங் நஷ்டஈடு என்று அறிவித்து, மாடுகளை வாங்கி எரித்தார். எரித்து மாளவில்லை என்றதும் புதைத்தார். சில மாதத்தில் நோய் அடங்கியது. மனித சுபாவத்தைப் புரிந்துகொண்ட ஒரே கால்நடை வைத்தியர் அவர்தான் என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் அவர் கால்நடை வைத்தியரே இல்லை.

ஆனால் கொல்வது வைத்தியம் ஆகாதே. ஊசிக்கு முன்னோடி ஒன்று 1754-இல் இங்கிலாந்தில் முளைத்தது. நோய்கண்ட மாட்டின் மூக்குச் சளியில் நூலைத் தோய்த்து, நல்ல மாட்டின் அலைதாடியைக் கீறி உள்ளே செருகி வைப்பது. லேசாக நோய் வந்து தப்பினால் ஆயுள் முழுக்க வராது. தப்பாவிட்டாலும் ஆயுள் முழுக்க வராது, ஆயுள் அதோடு முடிந்துவிடுவதால். கணக்குப்படி முறை தவறே செய்யாது.

டச்சுக்காரர்கள் இதைச் செய்து செய்து பார்த்து மாடுகளை இழந்தார்கள். அங்கே பேராசிரியர்கள் குழு கூடி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, குரோனிங்கன் மாகாணத்தில் கீர்ட் ரைண்டர்ஸ் என்ற விவசாயி ஒருவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர், தன் தொழுவத்தில் நின்று ஒன்றைக் கவனித்தார். நோய் வந்து பிழைத்த பசுவின் கன்றுக்கு ஊசி நூல் வைத்தால் கன்று சாவதில்லை. தாயிடமிருந்து ஏதோ ஒன்று கன்றுக்குப் போய்ச் சேர்கிறது. 1770-களில் கன்றுகளுக்கு மட்டும், அதுவும் ஒன்றுக்கு மூன்று தடவை, சளி ஏற்றினார். அவை நின்றன. தாய்வழி எதிர்ப்புச் சக்தி என்று பின்னால் பெரிய பெரிய புத்தகங்களில் வந்ததை இவர் சாணி மிதித்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். இன்று ஊசி போடும் டாக்டர் 'கன்று இன்னும் சின்னது, கொஞ்ச நாள் போகட்டும்' என்று திருப்பி அனுப்புகிறாரே, அந்தக் கணக்குக்கும் மூலம் இதே தாய்ப்பால் சங்கதிதான்.

இதற்குச் சில ஆண்டு முன்பே பிரெஞ்சு அரசு, மாடுகள் இப்படிச் சாகின்றனவே என்று உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கொடுத்தது. 1761-இல் உத்தரவு, மறு ஆண்டு லியோனில் திறப்பு. பொறுப்பு யாரிடம்? குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த குளோட் பூர்ஷெலா என்பவரிடம். வக்கீலுக்குப் படித்தவர், மனசெல்லாம் குதிரை. மாட்டுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் கட்டி, குதிரையின் எலும்பை எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். சர்க்கார் காரியம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இனி 1865. எனக்குப் பிடித்த ஆண்டு இது. பால்டிக் கரையிலிருந்து மாடுகள் ஏற்றிய கப்பல் ஒன்று மே மாதம் ஹல் துறைமுகத்துக்கு வந்தது. ஜூனில் லண்டன் பால்பண்ணைகளில் மாடுகள் விழுந்தன. நோய் வரும், வரும் என்று ஜான் காம்ஜீ என்ற கால்நடைப் பேராசிரியர் முன்பே கத்தியிருந்தார். ஊரில் ஜோசியர் சொன்னது பலித்தால் ஏற்படும் கோபம் அவர்மேல் விழுந்தது. மாட்டு வியாபாரிகள் வியாபாரம் கெடும் என்றார்கள். பாதிரியார்கள் பிரார்த்தனை நடத்தினார்கள். வைத்தியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஹோமியோபதிக்காரர்கள் தனியாகக் களமிறங்கினார்கள். மருந்தென்று நம்பிய வெங்காயத்துக்கு அப்போது வந்த மவுசு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கூடவே பெருங்காயமும் புளியும் சேர்த்திருந்தால் மாட்டுக்கு ரசமாவது கிடைத்திருக்கும்.

அப்போதுதான் சார்லஸ் மர்ச்சிசன் என்ற பெரிய டாக்டர் ஒரு குண்டைப் போட்டார். இந்த நோய் பெரியம்மையைப் போலவே இருக்கிறதே, மாட்டுக்கு வந்த பெரியம்மைதானோ? ஆகா! அப்படியானால் மருந்து கையிலேயே இருக்கிறது, ஜென்னரின் ஊசி! பிரபுக்கள் முதல் பால்காரர் வரை மாடுகளைப் பிடித்துக் கட்டி, மாட்டம்மைப் பாலைக் கீறி ஏற்றினார்கள். பசுவிடமிருந்து எடுத்து மனிதனுக்குக் கொடுத்ததை, 70 ஆண்டு கழித்து வட்டியில்லாமல் பசுவுக்கே திருப்பிக் கொடுத்த நாள் அது. மாடுகள் ஊசியும் போட்டுக்கொண்டன, வெக்கையும் கண்டன, செத்தும் போயின. இரண்டு நோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1866 பிப்ரவரியில் சட்டம் போட்டுக் கடைசியில் கோடாரியையே எடுத்தார்கள். சுமார் 150 வருஷத்துக்கு முன்னால் லான்சிசி சொன்னது. தூக்குக் கயிறு மட்டும்தான் இல்லை.

இந்தியாவிலும் 1869-இல் கமிஷன் போட்டார்கள். 1871-இல் கனமான அறிக்கை வந்தது. மாடுகள் அறிக்கையைப் படிக்கவில்லை. 1889-இல் புனேயில் இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபரட்டரி என்ற நீளப் பேரோடு ஆய்வுக்கூடம் வந்தது. ஊருக்குள் வைத்துக் கிருமியோடு விளையாடக் கூடாது என்று 1893-இல் அதை இமயமலைச் சரிவில் முக்தேஸ்வருக்குத் தூக்கிப் போனார்கள். ஓக் மரங்கள், பனி, எதிரே நந்தா தேவி. துரைகளுக்கு வேலை செய்யத் தோதான இடம். மாடுகளை மட்டும் மலையேற்றினார்கள், சாவதற்கு.

ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. 1887 வாக்கில் இத்தாலியப் படைக்காக மசாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு வெக்கை கண்டத்துக்குள் புகுந்தது. பத்து ஆண்டில் தெற்கு முனை வரை போனது. மாடு போனால் உழவு போயிற்று, வண்டி போயிற்று, பால் போயிற்று. எத்தியோப்பியாவில் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சத்தில் மடிந்ததாகச் சொல்வார்கள். 1896-இல் ஜாம்பெசி ஆற்றைத் தாண்டியதும் தெற்கே வெள்ளைக்கார அரசுகள் விழித்தன. கேப் காலனி ஆயிரம் மைல் முள்கம்பி வேலி போட்டுக் காவல் வைத்தது. கிருமிக்குக் கால் இல்லை, கம்பி தடுக்காது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடைசியில் ஜெர்மனியிலிருந்து ராபர்ட் கோக்கை வரவழைத்தார்கள். காசநோய்க் கிருமியைப் பிடித்தவர், கல்கத்தாவில் காலராவைப் பிடித்தவர். டியூபர்குலின் என்ற காசநோய் மருந்தை 1890-இல் அறிவித்து ஊர் சிரித்ததும் அவர் கணக்கில்தான் இருந்தது. அதனால் ஜெர்மனியை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே இருப்பது அவருக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். 1896 டிசம்பரில் வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் இறங்கினார். மாடு மாடாக அறுத்து ஆராய்ந்தார். இரண்டே மாதத்தில் அறிவிப்பு: நோயில் செத்த மாட்டின் பித்தத்தில் 10 மில்லி எடுத்து, நல்ல மாட்டின் தோலடியில் ஊசி போட்டால் நோய் வராது!

பித்தம்! நம் ஊர் வைத்தியர் எதற்கெடுத்தாலும் பித்தம் என்பார். பின்னால் நோபல் பரிசு வாங்கப்போகிறவரும் அதையே சொல்வார் என்று அவருக்குத் தெரியவில்லை. வேலையும் செய்தது, ஒரு மாதிரி. ஒரு மாட்டின் பித்தப்பையில் இருப்பது சில மாடுகளுக்குத்தான் வரும். பாதுகாப்பு சில மாதம். பித்தத்தோடு வேறு நோயும் சேர்ந்து ஏறுவது இலவசம். பித்தம் வேண்டுமென்றால் ஒரு மாடு சாக வேண்டும் என்பதால், மருந்துக் கடையும் சுடுகாடும் ஒரே இடத்தில் நடந்தன. 1897 மார்ச்சில் பம்பாயில் பிளேக் என்று தந்தி வர, கோக் அடுத்த கப்பலைப் பிடித்தார். அப்படியே முக்தேஸ்வரையும் ஒரு எட்டுப் பார்த்துப் போனார். பின்னால் விட்டுப்போன கோலே, டர்னர் என்ற இருவர்தான் உருப்படியான முறையைச் செய்தார்கள்: மாட்டின் ஒரு பக்கம் நோய் மாட்டின் ரத்தம், மறு பக்கம் நோயிலிருந்து பிழைத்த மாட்டின் சீரம். ஒரு தோளில் விஷம், ஒரு தோளில் முறிவு. உள்ளே எது ஜெயித்தது என்பதை மாட்டுக்காரன் சில நாள் கழித்துத் தெரிந்துகொள்வான்.

1902-இல் இஸ்தான்புல்லில் மோரிஸ் நிகோல், ஆதில் பே என்ற இருவரும், இந்த நோயைத் தருவது பாக்டீரியா சல்லடையிலும் பிடிபடாத நுண்ணியது என்று காட்டினார்கள். அது என்ன என்று தெரிந்ததே தவிர, என்ன செய்வது என்பதற்கு இன்னும் 20 ஆண்டு ஆயிற்று. நடுவில் 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன நம் காளைகளைப் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கொஞ்சம் இளைப்பாற விட்டார்கள். திமில் ஆட்டிக்கொண்டு நின்ற அவை, தமக்கு ஒன்றும் இல்லாத மாதிரி ஊருக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போயின. அதனால் பயந்துபோன நாடுகள் பாரிசில் கூடி, 1924-இல் உலக விலங்கு நல அமைப்பைத் தொடங்கின. ஐ.நா. சபைக்கு 21 வருஷம் மூத்தது அது. மனிதர்கள் ஒன்றுகூட வேண்டும் என்று மாட்டுக்குத்தான் முதலில் தோன்றியிருக்கிறது.

1920-களில் முக்தேஸ்வரில் ஜே.டி. எட்வர்ட்ஸ் ஒரு வேலை செய்தார். மாட்டு வெக்கையை வெள்ளாட்டுக்கு ஏற்றினார், அந்த ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. ஆட்டில் குடித்தனம் நடத்திப் பழகிய கிருமி, திரும்ப மாட்டுக்கு வந்தபோது பாதி சாதுவாகியிருந்தது. பிறந்த வீட்டை மறந்துபோன மாப்பிள்ளை மாதிரி. சீரம் வேண்டாம், பித்தம் வேண்டாம், ஆட்டின் மண்ணீரல் போதும். நாட்டு மாடுகள் தாங்கின. ஆனால் வெள்ளைக்காரச் சீமைப் பசுக்களுக்கும் கலப்பினங்களுக்கும் இந்த ஊசியே நோய் மாதிரி அடித்தது. மருந்தில்கூட சுதேசி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் நோவாவின் பேழை ஞாபகம் வரும். 1930-களில் கொரியாவில் நகமுரா ஜுன்ஜி கிருமியை முயலுக்குள் குடியேற்றினார். போர்க் காலத்தில், எதிரி மாட்டு நோயை ஆயுதமாக வீசிவிடுவானோ என்று பயந்த அமெரிக்காவும் கனடாவும் கியூபெக்கின் கிராஸ் ஈல் தீவில் கோழி முட்டைக்குள் வளர்த்தன. அந்தத் தீவு அதற்கு முன்பு ஐரிஷ் அகதிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 19-ஆம் நூற்றாண்டில் மனிதக் கிருமிக்கு, 20-இல் மாட்டுக் கிருமிக்கு. சீனாவில் ஃபிரிட்ஜ் இல்லாத புல்வெளிகளுக்குக் கிருமி ஏற்றிய முயலையும் ஆட்டையும் உயிரோடு ஓட்டிப் போனார்கள். ஊர் வந்ததும் அறுத்து, அரைத்து, அங்கேயே ஊசி. நாலு காலில் நடந்து வந்த தடுப்பூசி இது.

கடைசியில் கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் வால்டர் பிளோரைட் என்ற ஆங்கிலேயர் மிருகங்களுக்கெல்லாம் விடுதலை கொடுத்தார். கன்றின் சிறுநீரக அணுக்களைக் கண்ணாடியில் வளர்த்து, அதில் கிருமியை ஏற்றி, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறை என்று சுமார் 90 தடவை மாற்றினார். 1950-களின் கடைசியில் கிடைத்தது. எந்த இனத்து மாட்டுக்கும் போடலாம், சினை மாட்டுக்கும் போடலாம், ஒரு ஊசி போட்டால் ஆயுள் முழுக்க. ஜென்னருக்கு 160 ஆண்டு கழித்து, பேர் கொடுத்த பசுவுக்குச் சொந்தமாக ஒரு வாக்சின் வந்தது. ஒரே குறை: ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆப்பிரிக்க வெயிலுக்கென்று கென்யாவிலேயே செய்த மருந்துக்கு வெயில் ஆகவில்லை.

1962-இல் ஆப்பிரிக்காவில் பெரிய ஊசி இயக்கம் தொடங்கி, 1976-இல் நோய் கிட்டத்தட்ட ஒழிந்தது. அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் எல்லாம் இருந்தது. தாலி கட்டியாயிற்று என்று பந்தலைப் பிரித்துவிட்டார்கள். மூலையில் இரண்டு விருந்தாளிகள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் வெக்கை கண்டத்தைத் திரும்பச் சுற்றி வந்தது. அப்புறம் ஜெஃப்ரி மாரினர் என்ற அமெரிக்கர் அதே ஊசியை இன்னும் நன்றாக உறைய வைத்து உலர்த்தி, ஐஸ் இல்லாமலே ஒரு மாதம் தாங்கும்படி செய்தார். ஊசியை டாக்டர்களிடமிருந்து எடுத்து மாடு மேய்ப்பவர்கள் கையில் கொடுத்தார்கள். எந்த மாடு எந்தப் பாதையில் போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். குரோனிங்கன் ரைண்டர்ஸ் கேட்டிருந்தால் 'இதைத்தானே நான் 200 வருஷமாகச் சொல்கிறேன்' என்றிருப்பார்.

இடையில் ஒரு கூத்து. இலங்கையில் நாற்பது ஆண்டாக வெக்கை இல்லை. 1987-இல் இந்திய அமைதிப்படை போனது. படைக்குக் கறி வேண்டாமா? உயிராடுகளைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆடுகளோடு வெக்கையும் இறங்கியது. அமைதிப்படை கொண்டுபோனவற்றின் பட்டியல் நீளம். இது அதில் யாரும் கவனிக்காத ஒன்று.

நம் நாட்டில் 1954-இல் ஒரு தேசியத் திட்டம், 1992-இல் இன்னொன்று. ஊருக்கு ஊர் மாட்டுக் காதில் ஓட்டை போட்டு அடையாளம் வைத்து ஊசி போட்டார்கள். வட இந்தியாவில் அடங்கி, தெற்கே மெல்லத் தேய்ந்து, கடைசியில் இந்தியாவின் கடைசி வெக்கை 1995-இல் எங்கே வந்தது தெரியுமா? நம் வட ஆற்காடு பக்கத்தில். வெக்கைக்குச் சீரம் தயாரிக்கவென்றே 1932-இல் வெள்ளைக்காரன் கட்டிய ராணிப்பேட்டை நிலையம் இருக்கிற அதே சீமையில். அறுபது வருஷமாக மருந்து காய்ச்சிய வீட்டின் வாசலில் வந்துதான் நோய் கடைசி மூச்சை விட்டிருக்கிறது.

உலகத்தின் கடைசி வெக்கை 2001-இல் கென்யாவின் மேரு வனத்துக் காட்டெருமைகளிடம். 2011 ஜூன் 28-இல் ரோமில் கூடி, நோய் பூமியை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். லான்சிசி கயிறு முறுக்கிய அதே ரோம். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய். பிளோரைட் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2010 பிப்ரவரியில் கண்ணை மூடிவிட்டார்.

இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின், ஆஸ்பத்திரிச் சமையல்காரர், 1977. புகைப்படம்கூட இருக்கிறது. முதல் ஊசிக்குப் பால் கொடுத்த பசுவின் பேர் பிளாசம் என்றும் தெரிகிறது. வட ஆற்காட்டில் கடைசியாக மூக்கொழுகி நின்ற அந்த மாட்டின் பேர்தான் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. லட்சுமியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் பாதி மாட்டுக்கு அதுதான் பேர்.